இன்னொரு பொட்டலம்

பழனி,
7-12-58

அன்புள்ள தமயந்திக்கு,

சண்முகசுந்தரி எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். அத்தையின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? கொடைக்கானல் குளிரில் அது கூடத்தான் செய்யும். ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறோம். பாதி செங்காய். ஒரே நாளில் தின்று தீர்த்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் என்னைக் காலேஜுக்கு அனுப்ப அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார்! மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். உன்னிடம் மறைப்பானேன், இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் அம்மா தோசை சுட்டுவிட்டாள்.

ஆனால் திருமலைச்சாமி பெரியப்பா வந்து குதித்தார். "ஒத்தப் பொம்பளப் பிள்ளைய ஊரு விட்டு ஊரு அனுப்புறதா? பேசாம ஒரு மாப்பிள்ளையப் பாரு" என்றார். அப்பா கடையில் விபூதிப் பொட்டலம் மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்ணே, தமயந்தியும் அதே காலேஜுக்குப் போறதா இருந்தா இவளும் போகட்டும். ஒத்தையா அனுப்ப மாட்டேன். இது என் வாக்கு" என்றார்.

ஆகவே என் படிப்பு இப்போது உன் கையில். மதுரைக் காலேஜுக்கு எழுதிப் போடுவோம். இருவருக்கும் ஒரே ஹாஸ்டல். நீ டாக்டருக்குப் படி, நான் கணக்கு டீச்சர் ஆகிறேன்.

இதை எழுதும்போதே எனக்கு எரிச்சலாக வருகிறது. உன் பழைய கவுன், உன் பழைய ஸ்வெட்டர், உன் பழைய அட்லஸ் என்றே வளர்ந்தேன். இப்போது காலேஜுக்கும் உன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன் மாமன் மகள்,
சுந்தரி


கொடைக்கானல்,
19-12-58

என் அன்புச் சுந்தரிக்கு,

கொய்யா வந்தது. ஒரே நாளில்தான் தீர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அப்பாவுக்குச் சளி. அவர் ரைட்டராக வேலை பார்க்கும் பங்களாவில் இப்போது விருந்தாளிகள் குறைவு, அதனால் வெள்ளனே வீட்டுக்கு வந்துவிடுகிறார். மாமா சம்மதித்ததைக் கேட்டு நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

மதுரைக்குக் கட்டாயம் எழுதிப் போடலாம். ஆனால் பிலோமினா டீச்சர் மெட்ராஸுக்கும் எழுதச் சொல்கிறார்கள். அங்கே ஒரு வருஷம் படித்தால் மெடிக்கல் காலேஜில் இடம் கிடைப்பது சுலபமாம். பெரிய லாபரட்டரி இருக்கிறதாம். நீயும் மெட்ராஸுக்கே எழுதினால் என்ன? மாமாவிடம் கேட்டுப் பாரேன்.

நேற்றுக் குறிஞ்சி ஆண்டவர் கோவிலுக்குப் போனோம். மலையை மஞ்சு மூடாத நாள். கீழே உங்கள் பழனி மலை தெரிந்தது. "சுந்தரி! ஏ சுந்தரி!" என்று கத்தினேன். அப்பா திட்டினார்.

உன்,
தமயந்தி


பழனி,
11-1-59

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு,

இங்கு நலம். தாங்களும் தங்கள் லாபரட்டரியும் நலமாயிருக்கப் பழனியாண்டவர் அருள் புரிவாராக.

நீ ஐந்து மாதம் மூத்தவள் என்பதால் மதினி என்று மரியாதையாகவே எழுதியிருக்கிறேன். மெட்ராஸ் போகப் போகிறவளிடம் மரியாதையாகப் பேசிப் பழக வேண்டும் அல்லவா?

அப்பாவிடம் மெட்ராஸ் என்று ஆரம்பித்தேன். "அது கண்காணாத சீமை. மருதைன்னா மூணு மணி நேரத்துல வந்து பாத்துருவேன்" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

நீ மேலே நின்று எங்கள் மலையைப் பார்த்தாயாம். நான் தினம் இங்கிருந்து உன் மலையைப் பார்க்கிறேன். மேகம்தான் தெரிகிறது. உனக்கு மதுரை என்றால் மதுரை, மெட்ராஸ் என்றால் மெட்ராஸ். எனக்கு ஒரே வழி, அதுவும் நீ வந்தால்தான். பொறாமை என்று நினைக்கிறாயா? ஆமாம், பொறாமைதான். உன் டீச்சர் உன்னைப் பற்றி யோசிக்கிறார். என் டீச்சருக்கு என் பெயரே சண்முகவடிவு என்றுதான் ஞாபகம்.

பூசக் கூட்டம் தொடங்கிவிட்டது. காவடிக்காரர்களுக்கு விபூதி மடித்துக் கொடுத்து என் விரல் நுனி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. நீ சௌகரியமாகப் படி.

சண்முகசுந்தரி


கொடைக்கானல்,
2-2-59

சுந்தரி,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அழுதேன். இனிமேல் மதினி என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

இங்கே வீட்டில் பெரிய சண்டை. அப்பா மெட்ராஸ் என்கிறார். அம்மா மதுரை என்கிறாள்: "எங்கண்ணன் மக இவள நம்பியில்ல இருக்கா?" என்று பிடிவாதம். ஹாஸ்டலுக்கு எழுதும்போது ஒரே காலேஜைத் தீர்மானமாகச் சொல்ல வேண்டும் என்று அப்பா கண்டிப்பாக இருக்கிறார். எனக்கோ ஒரு நாள் லாபரட்டரி கனவு, ஒரு நாள் நீயும் நானும் மதுரையில் ஒரே அறையில் இருப்பதாகக் கனவு. தலை சுற்றுகிறது.

கடைசியில் அம்மாதான் வழி சொன்னாள். நம் குடும்பத்தில் எந்தப் பெரிய காரியத்துக்கும் பழனியில் பூக் கட்டிப் பார்ப்பதுதானே வழக்கம். உன் அம்மாவைப் பெண் கேட்டபோதும் பார்த்தார்களாமே. அப்பாவும் சரி என்றுவிட்டார். என்ன பூ வந்தாலும் அதற்குக் கட்டுப்படுவதாக மூவரும் பேசிக்கொண்டோம்.

எனக்காக நீ கட்டிப் பார்க்க வேண்டும். சந்நிதியில் வைத்து எடுக்கும் இரண்டு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை வந்தால் மெட்ராஸ். சிவப்பு அரளி வந்தால் மதுரை. அம்மாவுக்கு மலையேறி இறங்க முடியாது, எனக்குப் பள்ளிக்கூடம். மாமாவுக்குக் கடைச் சோலி. நீ கட்டினால் நான் கட்டின மாதிரிதான். எடுத்த பூவைக் கவரில் வைத்து அனுப்பு. எடுக்காத பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தமயந்தி


பழனி,
20-2-59

அன்புள்ள தமயந்திக்கு,

இங்கு எல்லோரும் நலம். அத்தையைக் காலுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல்.

நீ சொன்ன காரியம் முடிந்தது. இன்று வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு, காலையிலேயே அடிவாரத்துத் திருஆவினன்குடிக்குப் போனேன். அப்பா விபூதி மடிக்கிற மாதிரியே வாழையிலையில் இரண்டு பொட்டலம் மடித்து நாரால் கட்டியிருந்தேன். அந்த மடிப்பு இரண்டு கையும் சேர்ந்தால்தான் வரும். தொட்டுப் பார்த்தாலும் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

சந்நிதியில் வைத்து எடுத்து, அங்கே கும்பிட்டுக்கொண்டிருந்த உடுமலைப்பேட்டைக் குடும்பம் ஒன்றின் சின்னப் பாப்பாவிடம் நீட்டினேன். அது ஒன்றை எடுத்தது. பிரித்தேன். சிவப்பு.

அரளியை இதனுடன் வைத்திருக்கிறேன். வாடித்தான் வந்து சேரும். முருகன் மதுரைக்குப் போகச் சொல்லிவிட்டான். நாம் என்ன செய்ய முடியும்?

இந்த வருஷம் அரளி நன்றாகப் பூத்திருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும், நிறுத்துகிறேன்.

சுந்தரி


கொடைக்கானல்,
5-3-59

அன்புள்ள சுந்தரிக்கு,

பூவும் கடிதமும் கிடைத்தன. அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏரிப் பக்கம் நடக்கப் போய்விட்டார். மதுரைக்கு ஃபாரம் வரவழைத்தாயிற்று.

மெட்ராஸ் ஃபாரத்தை நான் முன்பே பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு பிலோமினா டீச்சரிடம் கொடுத்து வைத்திருந்தேன். இனி வேண்டாம் என்று சொன்னேன். "பூவா சொல்லிச்சு?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குமேல் அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஃபாரத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வருத்தமா என்றால், ஆமாம், வருத்தம்தான். ஆனால் மனுஷர்கள் யாராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முருகனிடம் என்ன சண்டை போடுவது? உன்னோடு இருக்கப் போகிறேன் என்று நினைத்துத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாயா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று அம்மா கேட்கிறாள். பரீட்சையை நன்றாக எழுது. கணக்கில் நீ நூறு வாங்குவாய்.

தமயந்தி


பழனி,
18-4-59

அன்புள்ள தமயந்திக்கு,

பரீட்சையும் உத்திரக் கூட்டமும் ஒன்றாக வந்து என்னைப் பிழிந்து எடுத்துவிட்டன. அதனால்தான் ஒன்றரை மாதமாகக் கடிதம் இல்லை. தப்பாக நினைக்காதே. அங்கே சீசன் ஆரம்பித்துவிட்டதா? வெள்ளைக்காரத் துரைகளுக்கு வழி சொல்லும் இங்கிலீஷை மறக்காமல் மதுரைக்கும் கொண்டு வா.

கணக்குச் சுலபம். சரித்திரத்தில் பானிபட்டை மூன்று தடவையும் நானே நடத்தினேன், வருஷம் மட்டும் மாறிப்போயிற்று.

அப்பா இலவம்பஞ்சில் இரண்டு மெத்தை தைக்கச் சொல்லியிருக்கிறார். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. ஒரே துணி, நீலக் கோடு போட்டது. "ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒண்ணு போல இருக்கட்டும்" என்கிறார். உன்னுடையதில் பஞ்சு கொஞ்சம் கூடப் போட்டிருப்பதாக எனக்குச் சந்தேகம். தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. உன் மேல் எங்கள் அப்பாவுக்கு அவ்வளவு கரிசனம்.

மதுரைக்கு என் ஃபாரம் போய்விட்டது. உன்னுடையதும் போயிருக்கும் என்று நம்புகிறேன். போனதா? ஒரு வரி எழுது.

சுந்தரி


கொடைக்கானல்,
9-6-59

அன்புள்ள சுந்தரிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியதாக மாமா எழுதியிருந்தார். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கு மொத்தம் நானூற்று எழுபத்தொன்று. மதுரையிலிருந்து இருவருக்கும் கார்டு வந்துவிட்டது என்பதும் தெரியும்.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. மெட்ராஸிலிருந்தும் எனக்கு இன்டர்வியூ கார்டு வந்திருக்கிறது! பிலோமினா டீச்சர் என்னிடம் கேட்காமலே அந்த ஃபாரத்தை அனுப்பிவிட்டார்கள். மார்க்கும் அனுப்பியிருக்கிறார்கள். "பூ அதும்பாட்டுல சொல்லட்டும், காலேஜ் என்ன சொல்லுதுன்னு நான் பார்க்கணும்" என்கிறார்கள். இம்மாதம் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை இன்டர்வியூ.

அப்பா போகலாம் என்கிறார். அம்மா, முருகனிடம் கேட்ட வாக்கை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறாள். அப்பா மாமாவுக்கும் எழுதியிருக்கிறார். நான் மெட்ராஸ் போனால் உன்னை மாமா அனுப்ப மாட்டார் என்பது தெரியாதவளா நான்? அது நெஞ்சில் கல்லாக இருக்கிறது.

நீ ஒன்றே ஒன்று சொல். அன்றைக்கு இன்னொரு பொட்டலத்தைப் பிரித்தாயா? அதில் நந்தியாவட்டையைக் கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன் என்று எழுதினால் நான் இன்டர்வியூவுக்குப் போகவில்லை. உன்னோடு மதுரைக்கு வருகிறேன். உன் வார்த்தை போதும்.

தமயந்தி


கொடைக்கானல்,
17-6-59

சுந்தரி,

எட்டு நாளாகத் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறேன். பழனிக் கடிதம் ஒன்றும் இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை, என் மேல் கோபமா? கோபமென்றால் அதையாவது எழுது.

இருபத்துநான்காம் தேதி பஸ் ஏறினால்தான் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க முடியும். நான் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. பதில் எழுத இரண்டு வரி போதும்.

தமயந்தி


பழனி,
20-6-59

தமயந்தி,

எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை. உன் இரண்டு கடிதங்களும் என் பெட்டியில் இருக்கின்றன. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை எழுதிய கடிதமும் அதில் ஒன்று. தபால் பெட்டி வரை அதைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பினேன்.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அப்பாவின் கடிதம் வந்தபோது பெரியப்பா கடையில் இருந்தார். "அப்பறம் என்ன? அவ மெட்ராஸ் போறா, இவ வீட்ல இருக்கா. சோலி முடிஞ்சது. வர்ற தையில கல்யாணத்த வெரசா முடி" என்றார். நான் உள்ளே போய் உன்னைத் திட்டினேன். உன் டீச்சரைத் திட்டினேன். உன் நானூற்று எழுபத்தொன்றைத் திட்டினேன். நீ மெட்ராஸ் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன், வயிறு எரிந்தது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா பெரியப்பாவிடம், "அண்ணே, ஒத்தையா அனுப்ப மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அந்த வாக்க நானா மீற முடியாது. முருகன்கிட்டயே கேட்டுருவோம். வெள்ளை வந்தா போகட்டும், சிவப்பு வந்தா வீட்ல இருக்கட்டும்" என்றார். பெரியப்பாவும் சம்மதித்தார்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா, பெரியப்பா, நான் மூவரும் திருஆவினன்குடிக்குப் போனோம். அப்பாவே பூ வாங்கி, கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக் கொண்டு வந்திருந்தார். என்னைத் தொடவே விடவில்லை. சந்நிதியில் வைத்து எடுத்ததும், "நீங்களே எடுங்கண்ணே" என்று பெரியப்பாவிடமே நீட்டினார். பெரியப்பா எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவனே சொல்லிட்டான். எடுத்ததும் என் கை. இனி நான் யாரு?" என்று போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் துணி துவைத்தேன். அப்பாவின் சட்டைப் பையில் ஏதோ உருண்டையாகத் தட்டுப்பட்டது. எடுக்காத பொட்டலம். நீ விடாமல் கேட்ட அதே இன்னொரு பொட்டலம்! பிரிக்காமல் இருக்க முடியவில்லை. பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

தலை நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். என் கையிலிருந்த பூவைப் பார்த்தார். அவர் சாமிக்கு எவ்வளவு பயந்த மனிதர் என்று உனக்குத் தெரியும். சாமி விளக்கை வாயால் ஊதி அணைக்கக்கூட விடமாட்டார். "சட்டைய வெரசா அலசிப் போடு, கடைக்குப் போகணும்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். பிப்ரவரி மாதம் நான் நந்தியாவட்டை வாங்கவே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் அரளிதான் வைத்தேன். அந்தப் பாப்பா எதை எடுத்திருந்தாலும் நீ மதுரைக்குத்தான் வந்திருப்பாய். உனக்கு இரண்டு வழி இருக்கிறதே என்ற ஆத்திரத்தில் ஒன்றை அடைத்தேன். நீ வராவிட்டால் என் கதி என்ன என்ற பயமும் இருந்தது. ஆனால் ஆத்திரம்தான் முதலில் வந்தது. முருகன் உனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அப்பா செய்ததும் நான் செய்ததும் ஒரே காரியம். மடிப்புகூட ஒன்றுதான், அவரிடம் கற்றது. அவர் எனக்காகச் செய்தார். நான் உன்னைக் கெடுக்கச் செய்தேன். கிணற்றடியில் அந்தப் பூவைப் பார்த்தபோது எனக்கு அப்பா மேல் பாசம் வரவில்லை, முதலில் வெட்கம்தான் வந்தது.

தனக்கு இடம் உறுதியான பிறகு நல்லவளாவது சுலபம் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். அது உண்மைதான்.

மெட்ராஸுக்குப் போ. அத்தையிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிடு. அப்பாவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லாதே.

சுந்தரி


கொடைக்கானல்,
1-7-59

சுந்தரிக்கு,

நான் நலம். கார்டில்தான் எழுத இருந்தேன். உனக்கு அது போதும் என்று தோன்றியது. பெரியப்பா கையில் கிடைத்தால் மாமா மானம் போகும் என்று கவர் வாங்கினேன்.

இன்டர்வியூ முடிந்தது. இடம் கிடைத்துவிட்டது. லாபரட்டரியைப் பார்த்தேன். டீச்சர் சொன்னதைவிடப் பெரியது.

அம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. நந்தியாவட்டையை நீ பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் அது வாக்கே இல்லை என்று விட்டுவிட்டாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த அரளிச் சருகை நானே எடுத்துப் போட்டேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. எப்போது ஆறும் என்று தெரியவில்லை. "என்னோடு மதுரைக்கு வா" என்று ஒரு வரி உருகி எழுதியிருந்தால் வந்திருப்பேன், சுந்தரி. நீ கேலி செய்தாய், மதினி என்று குத்தினாய், வா என்று மட்டும் கூப்பிடவில்லை. அதனால்தான் பூவிடம் கேட்டேன்.

ரயிலில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். எதிரே எங்கள் அப்பா. நல்ல மனிதர், நியாயஸ்தர். நான் அழுதாலும் இரண்டு பக்கமும் யோசித்துத்தான் பேசுவார். பூக் கட்டச் சொன்னால் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்புதான் வைப்பார். விடியும்வரை மாமாவின் சட்டைப் பையை நினைத்துக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டாய். எனக்கு உன்னைப் பார்த்து இப்போதுதான் வருகிறது. இவ்வளவு எரியும் என்று எனக்குத் தெரியாது.

பதினொன்றாம் தேதி ஹாஸ்டலுக்குப் போகிறேன். விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நீலக் கோடு போட்ட மெத்தையில் என்னுடையதை ரயில் பார்சலில் அனுப்பச் சொல்லி மாமாவிடம் சொல். பஞ்சு கூடப் போட்டிருப்பதாகச் சொன்னாயே, அதையே அனுப்பு. அதை உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தமயந்தி